சின்னப் பிள்ளைகளோடு பழம் பறிக்கப் போக: சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து எங்கே, எப்போது?

தாமான்_அம்மா கேட்டது:

வணக்கம். நாங்கள் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். மூத்தவனுக்கு 5 வயது, பாலர் பள்ளிக்குப் போகிறான். சின்னவளுக்கு இரண்டரை. வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் இரண்டு பேரையும் பழத்தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அவர்கள் கையாலேயே பறிக்க விடவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. போன வாரம் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ரம்புத்தான் கொத்தைப் பார்த்துவிட்டு மூத்தவன் இது மண்ணுக்குள்ளே விளையுமா என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டைத் தாண்டினால் செம்பனை, அதைத் தாண்டினாலும் செம்பனை, அவன் சாப்பிடுகிற பழம் எல்லாம் பேரங்காடியில் பிளாஸ்டிக் பெட்டியில் வருவது. எந்தப் பழம் எந்த மரத்தில், எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்று அவன் எங்கே பார்த்தான்?

வீட்டுக்காரர் கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெர்ரி பறிக்கலாம் என்கிறார். அத்தை, அதாவது என் மாமியார், அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்திலேயே பாருங்கள் என்கிறார். அவரையும் கூட்டிப்போகத்தான் போகிறோம். அத்தை பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், இப்போது முட்டி வலி, இனிப்பு நீர் (நீரிழிவு), கிட்னியையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மேடு பள்ளம் அதிகம் இல்லாத இடமாக இருந்தால் நல்லது.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: இந்த வயசுப் பிள்ளைகளுக்கு எந்தப் பழம் சரி, எந்த மாதம் போகவேண்டும், மருந்து அடித்த மரமாக இருந்தால் என்ன செய்வது, சின்னவள் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிறவள், அவளை எப்படிச் சமாளிப்பது. எறும்பு, பாம்பு பயமும் இருக்கிறது. போய் வந்தவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மலைப்பாதை_அண்ணன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேமரன் மலையில் ஸ்ட்ராபெர்ரியைத் தரையில் வளர்ப்பது குறைவு, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இடுப்பு உயரத்துக்குத் தட்டு போட்டு, பையிலோ தொட்டியிலோ வரிசையாக வைத்திருப்பார்கள். பழம் ஓரத்தில் தொங்கும். ஐந்து வயசுப் பையனுக்குக் கண்ணுக்கு நேராக இருக்கும், சின்னவளைத் தூக்கிப் பிடித்தால் அவளும் பறிப்பாள். மழை பெய்தாலும் நனையமாட்டீர்கள், பருவம் பார்க்கவேண்டியதில்லை, வருடம் முழுக்கக் காய்க்கும். பகலில்கூட 25 டிகிரியைத் தாண்டுவது அரிது, அதனால் பிள்ளைகள் வெயிலில் வாடிப்போவதில்லை. நடைபாதையும் சமமாக இருக்கும், அத்தைக்கு முட்டி வலிக்காது.

ஆனால் போகிற வழியைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். தாப்பா வழியாக ஏறினால் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு, பின்சீட்டுப் பிள்ளை வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். நீங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து வருவதால் ஈப்போவைத் தாண்டி சிம்பாங் பூலாயில் திரும்பி ஏறுங்கள், அந்தச் சாலை அகலமானது, வளைவும் இவ்வளவு இறுக்கமாக இருக்காது, கம்போங் ராஜா பக்கம் கொண்டுபோய் விடும். கிளம்புவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். இரண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர் போதும். கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள், குனிந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தால்தான் தலை சுற்றும். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் பிரிஞ்சாங் பக்கம் கார் நகராது, அதனால் ஒரு வாரநாள் லீவு போட முடிந்தால் போடுங்கள்.

பறித்ததை எடை போட்டுத்தான் காசு வாங்குவார்கள். கத்தரிக்கோலும் கூடையும் கொடுக்கும்போதே கிலோ என்ன விலை, பறித்தால் கட்டாயம் வாங்கவேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் வெள்ளையாக இருப்பதையும் சேர்த்து வெட்டித் தள்ளுவார்கள், ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது, அந்த வெள்ளைக் காய்க்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். முழுக்கச் சிவந்தது மட்டும் என்று முதலிலேயே ஒரு பழத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால் ஐந்து வயசுக்கு நன்றாகவே புரியும். அங்கேயே வாயில் போட அனுமதி இருக்காது, கழுவாமல் போடவும் கூடாது. இன்னொன்று, மலை ஸ்ட்ராபெர்ரி கொஞ்சம் புளிக்கும். இனிப்பாக இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள்.

பழமரக்காரன் எழுதியது:

எங்களுக்குக் கீழ்ப்பேராவில், பீடோர் தாண்டி, குடும்பத்தோட்டம் இருக்கிறது. கொய்யா பாதி, மீதி ரம்புத்தான், மங்குஸ்தீன், கொஞ்சம் டுரியான். பள்ளி விடுமுறையில் தெரிந்தவர்கள் பிள்ளைகளோடு வருவார்கள், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொய்யா. ஏன் என்றால், மரத்தைக் கவாத்து பண்ணிப் பண்ணித் தாழ்வாகவே வைத்திருப்போம், காய் பெரியவர்கள் நெஞ்சு உயரத்தில், சில கிளையில் அதற்கும் கீழே தொங்கும். வருடம் முழுக்கக் காய்ப்பு உண்டு. சின்னக் காயாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் பை மாட்டிவிடுவோம், பழ ஈ உள்ளே முட்டை வைக்காமல் இருக்க. பையோடு பறித்து, பையைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது இருக்கிறதே, பிள்ளைகளுக்கு அதைவிட வேறு விளையாட்டு வேண்டாம். பரிசுப்பொட்டலம் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். நம் ஊரில் கொய்யாவை மொறுமொறு என்று பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம், அதனால் பழுத்ததா பழுக்காததா என்ற குழப்பமும் கிடையாது. பை நிறைந்து, காய் தளதளவென்று இருந்தால் பறிக்கலாம். இழுக்கக்கூடாது, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காயை மெதுவாகத் திருகவேண்டும். இழுத்தால் பட்டை உரிந்து வரும், அந்தக் காயத்தில்தான் நோய் ஏறும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கேட்பார்கள், கேட்காதது அப்பாக்கள்தான்.

ரம்புத்தான் வேறு மாதிரி. உயரமான மரம், துறட்டியை வைத்துக் கொத்தோடு அறுத்து இறக்கவேண்டும், அது பெரியவர்கள் வேலை. மேலே அறுக்கும்போது பிள்ளைகள் மரத்துக்குக் கீழே நிற்கவே கூடாது. நாங்கள் தள்ளி ஒரு பாய் விரித்து, கொத்தைக் கொண்டுவந்து போட்டுவிடுவோம், கொத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கூடையில் போடுவது பிள்ளைகள் வேலை. போடுவதற்கு முன் கொத்தை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுப்போம், முசுறு எறும்பு இருந்தால் வெளியே வந்துவிடும். ரம்புத்தானும் பறித்த பிறகு பழுக்காது, அதனால் நன்றாகச் சிவந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மயிர் நுனி கொஞ்சம் பச்சையாக இருந்தால் பரவாயில்லை. அனாக் செக்கோலா, அதாவது பள்ளிப்பிள்ளை, என்று ஒரு ரகம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், எங்களிடம் வரும் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே சாப்பிடுவார்கள்.

மங்குஸ்தீனில் ஒரு நல்ல விளையாட்டு உண்டு. பழத்தின் அடியில் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும், அதில் எத்தனை இதழ் இருக்கிறதோ உள்ளே அத்தனை சுளை இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு உடைக்கச் சொல்லுங்கள், உங்கள் பையன் பாலர் பள்ளிதானே, ஒரு கூடை பழத்தையும் எண்ணித்தான் விடுவான். ஆனால் அந்தத் தோல் சாறு துணியில் பட்டால் போகவே போகாது.

மாதம் கேட்டீர்கள். ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான், டுக்கு, லங்சாட் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும், பெரிய பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சில இடத்தில் வருடக் கடைசியில் இன்னொரு சின்னப் பருவம். அதுவும் வருடத்துக்கு வருடம் முன்னே பின்னே போகும். இந்த மரங்களுக்குப் பூக்க ஒரு வறட்சி வேண்டும், சில வாரம் மழையில்லாமல் காய்ந்து, அப்புறம் மழை பெய்தால் பூ வரும், பூத்து மூன்று நான்கு மாதத்தில் பழம். வறட்சி வரவேண்டிய நேரத்தில் மழையாகவே கொட்டிவிட்டால் அந்த வருடம் காய்ப்பு சிதறிப்போகும். அதனால் காலண்டரை நம்பிக் கிளம்பாதீர்கள், போவதற்கு இரண்டு வாரம் முன்பு தோட்டத்துக்குப் போன் பண்ணி, இப்போது மரத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கொய்யா, பப்பாளி, வாழை என்றால் எப்போதும் ஏதாவது இருக்கும்.

டுரியான் தோட்டத்துக்குப் பழம் விழுகிற காலத்தில் இந்த வயசுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே போகாதீர்கள். பழம் தானாக விழும், எப்போது என்று நம்மால் சொல்ல முடியாது, இரவிலும் விடியற்காலையிலும் அதிகம், பகலிலும் விழும். வலை கட்டியிருந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது. டுரியான் வேண்டும் என்றால் தோட்டத்து வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மருந்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். கடைசியாக எப்போது அடித்தீர்கள், என்ன அடித்தீர்கள், பறிக்க எத்தனை நாள் கழியவேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் டப்பாவிலேயே அந்த நாள் கணக்கு போட்டிருக்கும். ஒழுங்காகத் தோட்டம் செய்கிறவன் உடனே பதில் சொல்வான். மழுப்பினால் அந்தத் தோட்டம் வேண்டாம். அன்றைக்குக் காலையில் பக்கத்து வரிசையில் புல் மருந்து அடித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், ஏனென்றால் பழத்தைவிடப் பிள்ளைகள் புல்லில்தான் அதிகம் புரளுவார்கள்.

தாமான்_அம்மா:

அண்ணே, ரொம்ப நன்றி. கொய்யா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தையிடம் படித்துக் காட்டினேன், "பை மாட்டுறாங்களா, அந்தக் காலத்துல எங்க கொய்யாவுக்கு யாரு மாட்டினா, அணில் பாதி நாங்க பாதி" என்று சொன்னார். அவருக்கு இனிப்பு நீர் இருப்பதால் எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக்கூடாது என்று யாராவது சொன்னால் நல்லது. சின்னவளைப் பற்றியும்.

தாதி_அக்கா எழுதியது:

நான் தாதியாக வேலை செய்கிறேன். தங்கச்சி, முதலில் உங்கள் அத்தை, ஏனென்றால் இது பழத்தோட்டத்தில் பலருக்கும் தெரியாத விஷயம். கிட்னி பழுது உள்ளவர்கள் நட்சத்திரப் பழம், அதுதான் பெலிம்பிங், ஒரு துண்டுகூடச் சாப்பிடக்கூடாது, ஜூஸாகவும் குடிக்கக்கூடாது. அதில் உள்ள நச்சை நல்ல கிட்னி வெளியேற்றிவிடும், பழுதான கிட்னி வெளியேற்றாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாக முடியும். தோட்டத்தில் அன்பாக நறுக்கி நீட்டுவார்கள், வேண்டாம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்பூன் போய் பம்ளிமாஸ் சாப்பிடுவதாக இருந்தால், அதுவும் சில கொழுப்பு மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரையோடு ஒத்துப்போகாது, மருந்து கொடுக்கும் இடத்தில் மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி இனிப்பு நீருக்குக் கொய்யா பரவாயில்லை, இனிப்பு குறைவு. ஆனால் அசாம் போய் (உப்பு, சீனி போட்டு உலர்த்திய புளிப்புப் பிளம்) தூளைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடவேண்டாம், அதில் உப்பும் சீனியும்தான். ரம்புத்தான் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். கிட்னிக்காக உப்பு, பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் எவ்வளவு பழம் என்பதை அவருடைய டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

இனி சின்னவள். இரண்டரை வயசுக்கு ரம்புத்தானை முழுசாகக் கொடுக்கவே கூடாது. உருண்டை, வழவழப்பு, உள்ளே கொட்டை. சிரித்துக்கொண்டே ஓடும்போது ஒரே வழுக்கில் தொண்டையில் போய் உட்கார்ந்துவிடும், அந்த அளவு அப்படி. லங்சாட், டுக்கு, திராட்சை எல்லாமே இதே கதைதான். தோலை உரித்து, சதையைக் கொட்டையிலிருந்து வெட்டி எடுத்து, நீளவாக்கில் சின்னத் துண்டாகக் கொடுங்கள். ஐந்து வயசுக்காரனுக்கும் அப்படியே கொடுப்பது நல்லது. இன்னொரு முக்கியமான விஷயம், உட்கார்ந்துதான் சாப்பிடவேண்டும். பறிக்கும்போது பறிப்பது, பாயில் உட்கார்ந்த பிறகு சாப்பிடுவது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். பச்சைக் கொய்யாவும் கடிக்கக் கெட்டி, விதையும் கல்போல இருக்கும், சின்னவளுக்கு விதைப்பகுதியை எடுத்துவிட்டு மெல்லிய சீவலாகக் கொடுங்கள்.

அப்படியும் தொண்டையில் அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் போனால், பிள்ளையை முன்பக்கம் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தடவை தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 தடவை அமுக்குங்கள், மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 999 அழைக்கட்டும். ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அமுக்கக்கூடாது, அதற்கு முறை வேறு. வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவாதீர்கள். பழத்தோட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் பிள்ளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதை ஒரு தடவை நேரில் கற்றுக்கொள்ளவேண்டும், நான் சொல்லாத ஆள் இல்லை.

கீழே விழுந்து கிடக்கும் பழத்தையும், பறவையோ வௌவாலோ கடித்த பழத்தையும் தொடவேண்டாம். நம் பேராவில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 1998, 1999-இல் நிப்பா வைரஸ் காய்ச்சல் வந்தது முதலில் இங்கே கிந்தா பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில்தான், பண்ணையை ஒட்டி இருந்த பழமரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து தொற்றியது, நாடு முழுக்க 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இங்கே நிப்பா வரவில்லை, பயப்படத் தேவையில்லை, ஆனால் பல் பட்ட பழம் வேண்டாம் என்ற பழக்கம் பிள்ளைக்கு இப்போதே வரட்டும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் இப்படி ஈரத் தரையிலிருந்துதான் வரும். காலில் புண் இருந்தால் பிளாஸ்திரி போட்டு மூடி, மூடிய காலணி போட்டுவிடுங்கள். சிலிப்பர் வேண்டவே வேண்டாம், அது பாம்புக்காகவும்தான். செம்பனை ஒட்டிய தோட்டத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். சருகுக் குவியல், அடுக்கிவைத்த மட்டை இதற்குள் கைவிடக்கூடாது. ஒருவேளை கடித்துவிட்டால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கொசு மருந்தை நீங்கள் உங்கள் கையில் எடுத்துப் பூசிவிடுங்கள், பிள்ளையின் உள்ளங்கையில் பூசவேண்டாம், வாயில் வைப்பார்கள். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் போட்டது மூன்று வயசுக்குக் கீழே கூடாது, டப்பாவைப் படித்து வாங்குங்கள். நீளக்கை சட்டை, நீளக் கால்சட்டை போட்டாலே பாதிக் கொசு போச்சு.

லயத்துப்_பிள்ளை எழுதியது:

எல்லாரும் நல்ல விஷயம்தான் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இதைப் படிக்கும்போது மனசு வேறு பக்கம் போகிறது. பழம் பறிக்க நம் பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்கவேண்டிய நிலை எப்போது வந்தது? நான் வளர்ந்த தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு இடம், அதில் கொய்யா, பப்பாளி, முருங்கை, ஜம்பு, வாழை, யார் வீட்டில் பழுத்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் பங்கு. ஆயாக் கொட்டாய்க்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்கு, பக்கத்தில் நின்ற ஜம்பு மரத்தின் அடியில்தான் எங்கள் பகல் பொழுதே கழியும். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், லயத்தை இடித்தார்கள், ஜனங்கள் தாமானுக்கு வந்தார்கள், வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் இருக்கிறது, ஒரு மரம் நட இடம் இல்லை. உங்கள் பையன் ரம்புத்தான் மண்ணுக்குள் விளையுமா என்று கேட்டதற்கு அதுதான் காரணம்.

அதனால் நான் சொல்வது, பணம் கட்டும் தோட்டத்துக்குப் போவதற்கு முன்னால் உங்கள் அத்தையிடம் கேளுங்கள். அவருடைய பழைய தோட்டத்து ஆட்கள் யார் வீட்டிலாவது, கம்பத்து (கிராமத்து) வீட்டுப் பக்கம், ஒரு ரம்புத்தான் மரமாவது நிற்கும். பருவத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக் கீழே கொட்டி வீணாகும், பறிக்க வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள். மூன்று நாலு குடும்பம் சேர்ந்து போங்கள், கையில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் சந்தோஷம். கொக்கியை எப்படிப் பிடிக்கவேண்டும், எந்தக் கொத்து பழுத்தது என்று உங்கள் அத்தை சொல்லட்டும், நீங்கள் தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள். தோட்டத்து ஆள் யாரோ சொல்லிக்கொடுப்பதைக் கேட்பதைவிடப் பாட்டி சொல்லிக் கேட்டால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

அப்படியே கோல கங்சார் போக நேரம் இருந்தால் அங்கே நிற்கும் பழைய ரப்பர் மரத்தைக் காட்டுங்கள். 1877-இல் கொண்டுவந்து நட்ட மரங்களில் மிஞ்சியது அந்த ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் அத்தை பால்மரம் வெட்டியவர் என்கிறீர்கள், வெட்டுக் கோடு எப்படி இறங்கும், கோப்பை எங்கே தொங்கும், எத்தனை மணிக்கு எழுந்து போவோம் என்று அந்த மரத்துக்கு முன்னால் நின்று பேரன் பேத்திக்குச் சொன்னால் போதும். சுங்கை சிப்புட்டிலிருந்து எவ்வளவு தூரம், பக்கம்தானே.

மலைப்பாதை_அண்ணன்:

லயத்துப்பிள்ளை அண்ணே, நீங்கள் சொல்வது மனசைத் தொடுகிறது. ஆனால் தெரிந்தவர் வீட்டு மரம் எல்லாருக்கும் கிடைக்காது, கிடைத்தாலும் உயரமான பழைய மரமாக இருக்கும், வேலி ஓரத்தில் புதர் மண்டியிருக்கும், முசுறுக் கூடு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். இரண்டரை வயசுப் பிள்ளையோடு போகும் தாய்க்கு சுத்தமான கழிப்பறை, கை கழுவக் குழாய், உட்கார நிழல், இந்த மூன்றும் வேண்டும். அது பணம் கட்டும் இடத்தில்தான் நிச்சயம் கிடைக்கும். நான் ஸ்ட்ராபெர்ரிதான் என்று அடம்பிடிக்கவில்லை, பீடோர் கொய்யாவே நல்ல யோசனை, மலை ஏறவேண்டிய வேலையும் இல்லை. தம்பூன் வேண்டுமானால் பிள்ளைகள் பெரிதான பிறகு போங்கள். பம்ளிமாஸ் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், பிள்ளையால் தாங்க முடியாது, பறித்துச் சில நாள் வைத்து, தோல் சுருங்கிய பிறகு சாப்பிட்டால்தான் நல்ல இனிப்பு. அதுவரை பொறுக்கிற வயசா இது?

லயத்துப்_பிள்ளை:

கழிப்பறை விஷயம் ஒத்துக்கொள்கிறேன் தம்பி. அது இல்லாத இடத்துக்குப் போகவேண்டாம்.

தாமான்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி, வீட்டுக்காரரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். நாங்கள் இப்படி நினைத்திருக்கிறோம்: இந்த விடுமுறையில் கொய்யாத் தோட்டம், அதுவும் காலையிலேயே. ஜூன் தாண்டி ரம்புத்தான் வந்ததும் அத்தையோடு ஒன்றாக வேலை செய்த ஒருவர் வீடு லிந்தாங் பக்கம் இருக்கிறது, அவரிடம் கேட்டு அங்கே. மரம் உயரம்தான், கொத்தை அவர்கள் ஆளே இறக்கித் தருவார்களாம், வீட்டிலேயே கழிப்பறையும் இருக்கிறது. கோல கங்சார் மரத்தைப் பற்றிச் சொன்னதும் அத்தை உடனே, அதைப் பார்க்க நானே முன்னால் உட்கார்ந்து வழி சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டார், அதனால் அதுவும் உண்டு. கேமரன் மலை பிள்ளைகளுக்கு வாந்தி நின்ற பிறகு.

பழமரக்காரன் அண்ணே, உங்களிடம் இன்னும் இரண்டு கேள்வி. எத்தனை மணிக்கு வந்தால் சரி, வீட்டிலிருந்து என்ன எடுத்துவரவேண்டும்? அப்புறம், பறித்ததில் எவ்வளவு வாங்குவது முறை? பிள்ளைகள் இரண்டு பறித்துவிட்டு மண்ணில் விளையாடப் போய்விட்டால் உங்களைப்போன்ற தோட்டக்காரர்களுக்குச் சங்கடமாக இருக்காதா?

பழமரக்காரன்:

ஒரு சங்கடமும் இல்லை தங்கச்சி. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டு பறித்துவிட்டு மண்புழுவைத் தேடப் போய்விடுவார்கள், அது எல்லாத் தோட்டத்துக்காரனுக்கும் தெரியும். போன் பண்ணும்போதே நுழைவுக் கட்டணமா, கிலோ கணக்கா, இரண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பறித்ததை எடுத்துக்கொள்வதுதான் முறை, ஏனென்றால் கொய்யாவைப் பறித்த பிறகு கிளையில் திருப்பி ஒட்டமுடியாது. ஆகவே பிள்ளைக்கு ஒரு சின்ன வாளி கொடுங்கள், பெரிய கூடை கொடுக்காதீர்கள், நிறைந்ததும் அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

காலை 8 மணிக்கு வந்துவிடுங்கள், 10 மணிக்கு மேல் வெயில் ஏறும், மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு மழை பிடித்தால் வண்டி நிறுத்துகிற மண்பாதை சேறாகிவிடும். இடி சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், காருக்குள் போய் உட்காருங்கள். கொண்டுவரவேண்டியது: தொப்பி, மாற்றுத்துணி இரண்டு செட், குடிதண்ணீர் நிறைய, பழம் கழுவத் தனியாக ஒரு பாட்டில், ஒரு சின்னக் கத்தி, பாய், ஈரத் துணி, ஒரு டப்பா உப்பு. உப்பு கொய்யாவுக்கு அல்ல, மழை பெய்திருந்தால் புல்லில் அட்டை ஏறும், அதற்கு. அத்தைக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துவாருங்கள், மரத்தடி நிழலில் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் பறித்துக்கொண்டு அவரிடம்தான் ஓடுவார்கள். முசுறு இருக்கிறதா என்று கிளையின் மேல்பக்கத்தை நீங்கள் பார்த்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். கிழித்த பைகளைப் போட நாங்கள் ஒரு சாக்கு வைத்திருப்போம், எல்லாத் தோட்டத்திலும் இருக்கும், அதைத் தேடிப் போடச் சொல்லுங்கள், காற்றில் பறந்து வாய்க்காலை அடைத்துவிடுகிறது.

ரம்புத்தான் பறிக்கப் போகும்போது மங்குஸ்தீனும் இருந்தால் பிள்ளைகளுக்குக் கறுப்புச் சட்டை போட்டுவிடுங்கள். புதுத்துணி வேண்டாம்.